எட்மண்டனில் கை நனைக்காத ஒரு வாரம்

லண்டனுக்கு நான் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. ஒரு வீட்டில் சாப்பிடலாமா, கூடாதா என்று முடிவு செய்யப் போனேன்.

என் அக்கா மகள் சுகன்யா நான்கு வருடமாக லண்டனில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். அவள் கட்டிக்கொள்ள ஆசைப்படுவது லூக்கா என்ற இத்தாலிக்காரப் பையனை. பையன் லிப்ட் மெக்கானிக். இதைக் கேட்ட நாளிலிருந்து என் அத்தான், அதாவது சுகன்யாவின் அப்பா, மகளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். மூன்று மாதம் ஒரு வார்த்தை இல்லை. அக்கா அழுது, சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் ஒருநாள் அத்தான் வாயைத் திறந்தார்.

"எனக்கு முட்டி ஆபரேஷன் ஆன காலு, பிளேன்ல உக்கார முடியாது. உன் தம்பி போய்ப் பார்த்துட்டு வரட்டும். அவன் அந்த வீட்டில கை நனைச்சான்னா எனக்குச் சம்மதம். நனைக்கலேன்னா அந்தப் பேச்சு அன்னையோட முடிஞ்சுது."

எங்கள் கோவில்பட்டிப் பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் காபி குடிக்கலாம், மிக்சர் தின்னலாம், கேசரி தின்னலாம். எதுவும் கணக்கில் வராது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டால் கை நனைத்துவிட்டதாக அர்த்தம். பிறகு பேச்சு மாறக்கூடாது. பலகாரத்தோடு எழுந்து வந்தவன் "யோசிச்சுச் சொல்றோம்" என்று சொல்லலாம், சாப்பிட்டு எழுந்தவன் சொல்ல முடியாது.

தாய்மாமன் என்கிற முறையில் எனக்கு அந்த வேலை வந்தது. முப்பத்தொரு வருடம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த பஸ் எப்போது வந்தது, எப்போது கிளம்பியது என்று எழுதி எழுதிப் பழகியதில், எதையும் கடிகாரத்தைப் பார்க்காமல் என்னால் பார்க்க முடியாது. இதற்காக என் மனைவி என்னைத் திட்டாத நாளில்லை.

சுகன்யா மிச்சம் என்ற பகுதியில் ராணி அக்கா என்ற யாழ்ப்பாணத்து அம்மாவின் வீட்டு மாடியில் குடியிருந்தாள். என்னைவிட வயதில் இளையவர்தான், ஆனால் எல்லோரும் அப்படி அழைப்பதால் நானும் அப்படியே அழைத்தேன். பெட்டியைக் கீழே வைப்பதற்குள் கேட்டார்: "பயணம் எப்பிடி அண்ணை? தேத்தண்ணி போடட்டோ, இல்லாட்டி நேரா சோறு தரட்டோ?" சோறு என்றேன். அந்த வீட்டில் எனக்கு எந்தத் தடையும் இல்லையே.

மறுநாள் ஞாயிறு. லூக்கா அவன் அம்மாவோடு எட்மண்டனில் இருக்கிறான். மிச்சம் லண்டனின் தெற்குக் கோடி, எட்மண்டன் வடக்குக் கோடி. நான்கு மணிக்கு மெரெண்டாவுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மெரெண்டா என்றால் என்ன என்று கேட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் நடுவில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற தின்பண்டம் என்றாள் சுகன்யா. அப்படியானால் பாதகமில்லை என்று கிளம்பினேன்.

கடைசி பஸ்ஸில்தான் வம்பு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒரு நிறுத்தத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு நின்றது. முன்னும் பின்னும் வரும் பஸ்களுக்கு நடுவே இடைவெளி சரியாக இருப்பதற்காக இது சற்று நேரம் இங்கே நிற்கும் என்று ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் அறிவித்தது. பின்சீட்டு வெள்ளைக்காரப் பாட்டி போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "பஸ் சீக்கிரம் வந்துவிட்டதாம், அதனால் நிற்கிறதாம். ஆமாம், நீ கேட்டது சரிதான், சீக்கிரம் வந்துவிட்டதாம்." வண்டி முழுக்க முணுமுணுப்பு. எனக்கு மட்டும் சந்தோஷம் தாங்கவில்லை. இதைச் செய்யச் சொல்லி எத்தனை டிரைவர்களிடம் நான் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருக்கிறேன். இறங்கும்போது டிரைவருக்கு ஒரு வணக்கம் வைத்தேன். அவர் ஏதோ புகார் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாலரைக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். லூக்காவின் அம்மா பெயர் ரொசெல்லா. குள்ளம், கெட்டியான உடம்பு, வாய் பேசுவதற்கு முன்னால் கை பேசிவிடும். கணவர் இல்லை. நாற்பது வருடமாக லண்டனில் இருக்கிறார், ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இத்தாலியைச் செருப்பு என்று வைத்துக்கொண்டால் தான் அதன் குதிகாலில் பிறந்தவள் என்று காலைத் தட்டிக் காண்பித்தார். கொண்டுபோன சாத்தூர் சேவுப் பொட்டலத்தை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, ஓமமா என்கிற அர்த்தத்தில் ஏதோ கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

ரொட்டித் துண்டின்மேல் சாக்லேட் வைத்துக் கொடுத்தார். இது பிள்ளைகளுக்கானது, பெரியவர்கள் தின்னமாட்டோம் என்று சொல்லிக்கொண்டே தானும் இரண்டு துண்டு தின்றார். பால் காபி கேட்டேன். அந்த அம்மா மார்பில் கை வைத்துக்கொண்டார். பால் காபி காலை பதினொரு மணியோடு சரியாம், அதற்குமேல் குடித்தால் வயிறு கெட்டுவிடுமாம். நாலரை மணிக்குப் பால் காபி குடித்து அறுபது வயது வரை உயிரோடு இருக்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். மாப்பிள்ளை வீட்டில் வாயாடக்கூடாது என்று கறுப்புக் காபியை விழுங்கி வைத்தேன்.

ஆறரைக்கு அடுத்த சுற்று வந்தது. மெரெண்டாவின் தட்டுகள் அப்போதுதான் கழுவப்பட்டிருந்தன. இதற்குப் பெயர் அப்பெரிடீவோ. கசக்கிற சிவப்புச் சோடா, உப்பு நீரில் ஊறிய ஒலிவக் காய், தராள்ளி என்று வளையம் வளையமாக ஒரு பண்டம். மாவில் சோம்பு போட்டுப் பிசைந்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டெடுத்து, பிறகு அடுப்பில் சுட்டது. கடித்தால் நம் முறுக்கின் ஒன்றுவிட்ட தம்பி என்று தெரிந்தது. இவ்வளவும் எதற்கு என்றேன். சாப்பாட்டுக்கு முன்னால் வயிற்றைத் திறப்பதற்கு என்றான் லூக்கா. நாம் பசித்தால் தின்கிறோம். இவர்கள் பசி வருவதற்காகத் தின்கிறார்கள்.

தட்டில் மிச்சம் வைப்பது எனக்குப் பழக்கமில்லை, கிண்ணத்தைக் காலி செய்தேன். காலிக் கிண்ணம் என்றால் இன்னும் வேண்டும் என்று அர்த்தமாம், ரொசெல்லா மறுபடி நிரப்பினார். நானும் மறுபடி காலி செய்தேன். இப்படி நான்கு தடவை நடந்த பிறகு சுகன்யா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள்.

ரொசெல்லா எழுந்து, எட்டு மணிக்குச் சாப்பாடு, உங்களுக்காகச் சமைத்திருக்கிறேன் என்றார். நான் பஸ் மேல் பழியைப் போட்டேன். தூரம் அதிகம், வண்டி எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது என்றேன். ஜூன் மாதம், வெளியே பட்டப்பகல் மாதிரி வெயில். அந்த அம்மா ஜன்னலையும் என்னையும் பார்த்துவிட்டு, சரி, அடுத்த முறை என்றார்.

திரும்பும்போது எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் அவசரப்பட முடியாது. பையனுக்குக் குடிப் பழக்கம் உண்டா, என்ன சம்பாதிக்கிறான் என்பதெல்லாம் எனக்குப் பெரிய விஷயமில்லை, அதைச் சுகன்யா என்னைவிட நன்றாக விசாரித்திருப்பாள். என் பயம் வேறு. மொழி வேறு, சாமி வேறு, சாப்பிடும் நேரம்கூட வேறு. இந்த வீட்டில் என் பிள்ளை கடைசி வரைக்கும் விருந்தாளியாகவே உட்கார்ந்திருப்பாளோ என்பதுதான்.

செவ்வாய்க்கிழமை லூயிஷாம் சிவன் கோவிலுக்குப் போனேன். பக்கத்தில் ஒரு உயரமான கட்டடத்தில் லூக்காவுக்கு வேலை. பதினொரு மணிக்கு வந்தால் பார்க்கலாம் என்றிருந்தான். பதினொன்றுக்கு ஒரு சின்னத் தீனி உண்டு அவர்களுக்கு, அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். காகிதத்தில் சுற்றிய ரொட்டியை, கிரீஸ் கை படாமல் காகிதத்தோடு பிடித்து, கூட வேலை செய்கிறவனுக்குப் பாதி, எனக்குக் கொஞ்சம் பிய்த்துக் கொடுத்துவிட்டுத் தின்றான். பழக்க தோஷத்தில் மணி பார்த்தேன். ஏழு நிமிடம். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். டீ குடிக்கப் போய் வண்டியை மறந்த எங்கள் ஆட்கள் சிலரின் முகம் ஞாபகம் வந்தது.

லிப்டுக்குள் திரும்புவதற்கு முன்னால் நிதானமான ஆங்கிலத்தில் கேட்டான், அவள் அப்பாவிடம் என்னைப் பற்றி என்ன சொல்லப் போகிறீர்கள் என்று. நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். பாருங்கள் என்றான். கோபமில்லை. எனக்கு அவனைப் பிடித்துப்போனது. ஆனால் பையனைப் பிடிப்பது வேறு, கை நனைப்பது வேறு.

வியாழக்கிழமை இரண்டாவது முறை எட்மண்டன். இந்த முறை ரொசெல்லா விட்டுவைக்கவில்லை. தக்காளியும் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்து எண்ணெயில் பொரித்த பண்டம் ஒன்று, பார்வைக்குச் சோமாசி. ஒலிவக் காய்க்குப் பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் எங்கள் சாத்தூர் சேவு. அது அந்த மேசையில் வெகுகாலம் குடியிருப்பது மாதிரி உட்கார்ந்திருந்தது. நான் சோமாசியை ஒன்றுக்கு ஆறாகத் தின்றேன். பலகாரம்தானே. சுகன்யா என் பக்கத்திலேயே உட்கார்ந்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள், கூடத்தை விட்டு நகரவில்லை. எனக்கு அதுவும் உறுத்தியது. மருமகளாகப் போகிறவள் மாதிரி இல்லை, என்னோடு வந்த விருந்தாளி மாதிரித்தான் இருந்தாள்.

எட்டு மணி அடித்தது. உள் மேசையில் நான்கு தட்டு வைத்திருந்தது. வயிறு முட்டிவிட்டது, ஒரு பருக்கைக்கும் இடமில்லை என்று சொல்லச் சொன்னேன். பொய்யும் இல்லை. சுகன்யா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.  ரொசெல்லா போய் ஒரு தட்டை மட்டும் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு வந்தார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. மிச்சம் திரும்பும் ரயிலில் சுகன்யா என்னை விட்டுத் தள்ளி வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை அவள் வேலைக்குப் போனபின் ராணி அக்கா தேநீரோடு வந்து உட்கார்ந்தார்.

"அண்ணை, ஒண்டு சொல்லுறன், கோவிக்காதேங்கோ. பிள்ளை ராத்திரி அழுதவள். அந்த மனிசிக்கு உங்களிலை சரியான மனவருத்தமாம். சிற்றுண்டி தபால்காரனுக்கும் குடுக்கலாம், மேசையிலை இருத்திச் சாப்பாடு குடுக்கிறது சொந்தத்துக்குத்தான் எண்டு சொன்னதாம். இந்த ஆளுக்கு என்ரை வீட்டுத் தீனி வேணும், நாங்கள் வேண்டாம் எண்டு சொன்னதாம்."

எங்கள் ஊர் வழக்கத்தை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஓம், எனக்கு விளங்குது. அந்த மனிசிக்கு ஆர் விளங்கப்படுத்தினது?"

யாரும் இல்லை. எப்படிச் சொல்வது? உங்கள் மகன் வேண்டுமா வேண்டாமா என்று எங்கள் மாமா இன்னும் முடிவு செய்யவில்லை, அதனால்தான் உங்கள் சோற்றைத் தொடவில்லை என்று சுகன்யா எந்த வாயால் சொல்லுவாள்? சொல்லாமல் விட்டதைவிட அது மோசம். இரண்டு வீட்டுக்கும் ஒரே சட்டம்தான் இருந்திருக்கிறது. சாப்பாடு என்றால் சொந்தம், பலகாரம் என்றால் யாருக்கும் பொது. சட்டம் ஒன்றாக இருந்ததால்தான் அந்த அம்மாவுக்கு நான் சொல்லாததும் புரிந்துவிட்டது. எனக்கு அன்று முழுக்க வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை எனக்கு விமானம். ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொண்டு வரப் போனோம். ஐந்தே முக்காலுக்கு உள்ளே நுழைந்தோம். ரொசெல்லா மரியாதையில் குறை வைக்கவில்லை, சிரிப்பில் வைத்தார். மேசையில் கடையில் வாங்கிய உருளைக்கிழங்கு சிப்ஸ், அதுவும் பாக்கெட்டை வெட்டி அப்படியே வைத்தது. தராள்ளி இல்லை. சமையலறையில் அடுப்பு அணைந்து கிடந்தது. சேவுக் கிண்ணத்தைக் காணவில்லை.

சுகன்யாவுக்கு என் பக்கத்தில் உட்காரப் பிடிக்கவில்லை போல. எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ரொசெல்லாவின் குரல் உயர்ந்தது. பாதி இத்தாலி, பாதி ஆங்கிலம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்னால்தான் பிள்ளை திட்டு வாங்குகிறாள் என்று எழுந்துவிட்டேன். அதற்குள் சுகன்யாவின் குரலும் அதே உயரத்தில் கேட்டது. லூக்கா சிப்ஸ் தின்றுகொண்டிருந்தான். என்ன சண்டை என்று கேட்டேன். ஒலிவக் காயைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டுவிட்டாள், அது பழத்துக்கான கிண்ணம் என்றான். இது புதிதா என்றேன். வாராவாரம் நடக்கும், நீங்கள் வந்தபோது மட்டும் இரண்டு பேரும் நல்லபடியாக நடந்துகொண்டார்கள் என்றான்.

வாசற்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். சுகன்யா யாரையும் கேட்காமல் பிரிட்ஜைத் திறந்தாள். உள்ளே குனிந்து எதையோ தேடி எடுத்து, கதவை இடுப்பால் தள்ளி மூடினாள். ரொசெல்லா அவள் தோளுக்கு மேலே கையை நீட்டிக் கிண்ணத்தை எடுத்தார், எடுத்துக்கொண்டே திட்டினார். அவள் விலகி வழிவிட்டாள், விட்டுக்கொண்டே பதில் சொன்னாள். என் அக்காவும் அவளும் கோவில்பட்டியில் ஒரு சமையலறைக்குள் நின்றால் இப்படித்தான் இருக்கும். விருந்தாளியை யாரும் கிண்ணத்துக்காகத் திட்டமாட்டார்கள். எனக்கு அந்த நிமிடமே மனசு நிறைந்துவிட்டது. ஆறரை மணி.

வந்து உட்கார்ந்து சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. ஆறே முக்காலுக்கு ரொசெல்லா என் மழைக்கோட்டை எடுத்து வந்தார். பஸ் வழியில் நின்றாலும் நிற்கும், நேரத்தோடு கிளம்புங்கள் என்று நான் சொன்ன சாக்கையே எனக்குச் சொன்னார். கோட்டைத் தோளில் போடுவதற்கு வசதியாக விரித்துப் பிடித்தார்.

பெண் வீட்டுக்காரன் மாப்பிள்ளை வீட்டில் சோறு கேட்டான் என்று எங்கள் ஊரில் தெரிந்தால் பேரன் காலம்வரை சொல்லிச் சிரிப்பார்கள். கேட்காமல் கிளம்பினால் அத்தானிடம் சொல்ல ஒரே ஒரு பதில்தான் இருக்கும். நான் சுகன்யாவைப் பார்த்தேன்.

"எனக்குப் பசிக்குதுன்னு சொல்லும்மா."

"மாமா?"

"சோறு போடச் சொல்லு."

 லூக்கா அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். கடைசியில் அவள் சொல்லிவிட்டாள். ரொசெல்லா மேசையைப் பார்த்தார். சிப்ஸ் பாக்கெட்டைத் துடைத்து வைத்தது போல் காலி செய்திருந்தேன். பசி என்பது பொய் என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். ரொசெல்லாவுக்கு அது மட்டுமல்ல, நான் எதற்காகச் சோறு கேட்கிறேன் என்பதும் தெரிந்துவிட்டது. விரித்துப் பிடித்த கோட்டை மெதுவாக மடித்தார்.

"இங்கே சாப்பாடு எட்டு மணிக்குத்தான்" என்றார்.

"இருக்கேன்" என்றேன். அதை மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

ஒன்றும் தயாராக இல்லை. வருடா வருடம் தானே போட்டு வைக்கிற தக்காளிக் குழம்புப் பாட்டிலைத் திறந்தார், காது மடல் மாதிரி சின்னச் சின்னதாக இருக்கிற பாஸ்தாவை வேகவைத்தார். சுகன்யாவை வெங்காயம் வெட்டச் சொல்லி, வெட்டியது தடிமன் என்று திட்டினார். எட்டு மணிக்கு அலமாரியைத் திறந்து நான்காவது தட்டை எடுத்து வைத்தார். நான் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, முள்கரண்டியை ஓரமாக நகர்த்திவிட்டு, கையாலேயே சாப்பிட்டேன்.  இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலை ஏழு மணி, ஊரில் பகல் பதினொன்றரை. அக்காவுக்குப் போன் போட்டேன். ராத்திரி அங்கே சாப்பிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அக்கா உடனே போனை அத்தானிடம் கொடுத்துவிட்டாள். சுகன்யா என் எதிரே படிக்கட்டில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன குழம்பு?" என்றார் அத்தான்.

"தக்காளி, அத்தான்."

"உப்பு?"

"சரியா இருந்துச்சு."

 லைன் போய்விட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பிறகு அத்தான் தொண்டையைச் செருமினார்.

"பிள்ளை பக்கத்துல இருந்தா, அவகிட்ட குடு."